மூன்றாவது சுழி

மூன்று சுழி ணகரத்தைப் பட்டை நிப்புப் பேனாவால் ஒருமுறை எழுதிப் பாருங்கள். முதல் சுழி தப்பித்துவிடும். இரண்டாவது கொஞ்சம் திணறும். மூன்றாவதில் மை குளம் கட்டிவிடும். கூடவே சங்கிலிக்கொம்பும் வந்து 'ணை' என்று நின்றுவிட்டால் கேட்கவே வேண்டாம். ஒரே எழுத்தில் ஐந்து சுழி. ஆங்கில எழுத்துகளில் பாதிக்கு மேல் நிமிர்ந்த கோடுகள். அவற்றின் மேல் எவ்வளவு கனம் ஏற்றினாலும் தூண் மாதிரி தாங்கிக்கொள்ளும். தமிழ் எழுத்துக்குத் தூண் குறைவு. வளைந்து உள்ளே போய், சுற்றி, வெளியே வந்து நிற்கிற உடம்பு அது. அதைத் தடிக்க வைப்பவர் சுழிக்குள் இருக்கும் காற்றையும் காப்பாற்றியாக வேண்டும்.

அதனால் புதிதாக ஒரு தமிழ் எழுத்துரு வந்தால் நான் செய்கிற முதல் காரியம், அதன் ஆகத் தடித்த உருவத்தில் 'அண்ணன்' என்று அடித்துப் பார்ப்பது. நான்கு எழுத்து, அதில் ணகரம் இரண்டு, அதில் ஒன்றின் தலையில் புள்ளி. முக்கால்வாசி எழுத்துருக்கள் இங்கேயே விழுந்துவிடும். 'பலூ தம்பி' விழவில்லை. தம்பி அண்ணனில் தேறிவிட்டான் என்று அன்றைக்கு வீட்டில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

புதிதாக என்ன பார்க்கலாம், எதைக் கேட்கலாம் என்று நண்பர்கள் விசாரிப்பதுண்டு. ஓவியக் கண்காட்சி, புதுப் பாடகர், கொச்சி பைனாலே என்று ஏதாவது சொல்வேன் என எதிர்பார்ப்பார்கள். நான் எழுத்துருக்களைச் சொல்வேன். முகம் சுருங்கும். எழுத்து என்பது வாசிக்கத்தானே, அதில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்ற சுருக்கம் அது. கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் தமிழில் நடந்த கலைக் காரியங்களில் இதைவிட உற்சாகமானது எனக்குத் தெரிந்து குறைவு. அதுவும் காசில்லாமல், உங்கள் கைபேசியிலேயே நடக்கிறது.

இந்தக் கிறுக்கு எனக்குக் கோவில்பட்டிப் பக்கம் ஒரு சின்ன அச்சகத்தில் பிடித்தது. பள்ளி விட்டு வரும் வழி. கல்யாணப் பத்திரிகை, கொடை நோட்டீஸ், ரசீதுப் புத்தகம் அடிக்கிற இடம். ட்ரெடில் மிஷின் சத்தத்துக்கு நடுவில் கம்போசிட்டர் அண்ணாச்சி நின்றபடியே வேலை பார்ப்பார். இடது கையில் ஸ்டிக். வலது கை கேஸுக்கும் ஸ்டிக்குக்கும் பறந்துகொண்டிருக்கும். கண் கையெழுத்துப் பிரதியை விட்டு நகராது. எந்தக் குழியில் எந்த எழுத்து என்பது விரலுக்கு மனப்பாடம். சட்டைப்பையில் ஒரு கோணி ஊசி எப்போதும் இருக்கும். எதற்கு என்று ஒருநாள் கேட்டேன். ஈய எழுத்து ஒன்றை எடுத்து, தலைகீழாகத் தெரியும் ணகரத்தைக் காட்டி, மூன்றாவது சுழியில் அடைத்திருந்த காய்ந்த மையை நோண்டி எடுத்தார். "இது ஒண்ணுதான் தம்பி, எப்பவும் அடைச்சுக்கிடும்" என்றார்.

தமிழ் அச்சுக்கலையின் கதையை அந்தச் சுழியை வைத்தே சொல்லிவிடலாம். 1713 வாக்கில் ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தன. சுழிகள் அடையாமல் இருக்க வேண்டும் என்றோ என்னவோ, ஒவ்வொன்றும் பெரிசு பெரிசாக இருந்தது. அந்த அளவில் அடித்தால் புதிய ஏற்பாடு முடிவதற்குள் காகிதம் தீர்ந்துவிடும். அங்கிருந்த ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்குவின் ஆட்கள் பொறையாறில் சின்ன எழுத்துகளை வார்த்தார்கள். ஈயத்துக்கு எங்கே போவது? இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டிப் பெட்டிகளின் ஈய மூடிகளை உருக்கினார்களாம். பாலாடைக்கட்டி மூடியில் பிறந்த ணகரம் என்று நினைத்தாலே எனக்கு அந்தப் புத்தகத்தின் மேல் ஒரு தனிப் பிரியம் வந்துவிடுகிறது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் சென்னை அமெரிக்கன் மிஷன் அச்சகத்தில் பி. ஆர். ஹண்ட் கை வைத்த பிறகுதான் சின்ன அளவிலும் தமிழ் நிமிர்ந்து உட்கார்ந்தது. 1862இல் அங்கே அச்சான வின்ஸ்லோ அகராதியை எங்காவது பழைய நூலகத்தில் பார்த்தால் அர்த்தம் தேடாதீர்கள். எழுத்தை மட்டும் பாருங்கள்.

பிறகு கணினி வந்தது. இந்தப் பகுதியை வேகமாகக் கடந்துவிடலாம், சுகமான நினைவுகள் இல்லை. ஆளுக்கொரு குறியீட்டு முறை, கடைக்கொரு எழுத்துரு. பாமினியில் அடித்த கட்டுரை இன்னொருவர் கணினியில் திறந்தால் அரைப்புள்ளியும் ஆங்கில எழுத்தும் கலந்த குப்பையாக விழும். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டில் டாம், டாப் என்ற பொதுக் குறியீட்டு முறைகளால் ஒரு ஒழுங்குக்கு முயன்றார்கள். யூனிகோடு நிலைபெற்ற பின்தான் குழப்பம் தீர்ந்தது. குழப்பம் தீர்ந்ததே தவிர அழகு வந்துவிடவில்லை. விண்டோஸ் 2000 கொண்டுவந்த 'லதா' எழுத்துருவைத்தான் ஒரு தலைமுறை முழுக்கத் தமிழின் முகம் என்று நினைத்துக்கொண்டிருந்தது. லதாவை நான் திட்ட மாட்டேன். புள்ளிகள் குறைந்த அந்தக் காலத்துத் திரையில் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காகப் பிறந்த எழுத்து அது. அந்த வேலையைச் செய்தது. அதையே எடுத்துக் கவிதைத் தொகுப்பு அடித்தவர்களைத்தான் திட்ட வேண்டும். அதே காலத்தில் மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு அஞ்சலில் தொடங்கி, ஆப்பிள் கணினிகளுக்கு 'இணைமதி' வரைந்து, திரையிலும் தமிழ் வளைவு வளைவாகவே இருக்கலாம் என்று காட்டிக்கொண்டிருந்தார். அந்த ஒற்றை மனிதரின் கையெழுத்து எத்தனை கோடிக் கண்களில் பட்டிருக்கும் என்று எண்ணிப் பார்க்க எனக்குக் கணக்கு போதாது.

இப்போது புதிய வரவுகளுக்கு வருகிறேன்.

முதலில் 'காட்டமரான்'. கட்டுமரம்தான். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போய் உலகம் சுற்றிவிட்டு எழுத்துருவின் பெயராகத் திரும்பி வந்திருக்கிறது. பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்தது. 2015இலிருந்து கூகுள் எழுத்துருத் தொகுப்பில் கிடைக்கிறது. ஆக மெல்லியதிலிருந்து ஆகத் தடித்தது வரை ஒன்பது கனங்கள். அதன் மெல்லிய உருவத்தைப் பெரிய அளவில் வைத்துப் பாருங்கள். செம்புக் கம்பியைச் சூடாக்கி ஒரே மூச்சில் வளைத்தது போல் இருக்கும். ஓலையில் எழுத்தாணி போன வழி இப்படித்தான் இருந்திருக்கும்: தடிப்பு மெலிவு இல்லாத ஒரே கீறல். தமிழ் எழுத்து வட்டமாகிப் போனதற்கு ஓலையைக் காரணம் சொல்வார்கள். நேர்கோடு அதிகம் கீறினால் ஓலை நரம்போடு கிழியும் என்று. அந்தக் கீறலை நவீனமாக ஒருவர் நினைவுகூர்ந்தது மாதிரி எனக்கு இது தெரிகிறது. அவருக்கு அப்படி ஒரு எண்ணம் இருந்ததோ இல்லையோ, பார்க்கிற எனக்கு உண்டு.

காட்டமரானில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது உகர வரிசையை. தமிழில் இதுதான் கைத்திறனுக்கு உரைகல். துணைக்காலோ கொம்போ எந்த மெய்க்கும் பக்கத்தில் தனியாக வந்து நின்றுகொள்ளும். உகரமும் ஊகாரமும் அப்படியல்ல. மெய்யோடு ஒட்டிக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு உரு எடுக்கும். கு ஒரு மாதிரி, சு ஒரு மாதிரி, து வேறு மாதிரி, ரு இன்னொரு மாதிரி. பதினெட்டு மெய்க்கும் சேர்த்து முப்பத்தாறு உருக்கள். 1978இல் அரசாணை வழியாக வந்த எழுத்துச் சீர்திருத்தம்கூட இவற்றைத் தொடவில்லை. பெரியார் 1935இலேயே குடி அரசில் புழங்கத் தொடங்கிய மாற்றங்களிலிருந்து ணா, றோ, லை போன்ற பதின்மூன்று எழுத்துகளோடு அது நின்றுகொண்டது. அண்ணாச்சியின் கேஸில் இந்த முப்பத்தாறுக்கும் தனித்தனிக் குழி இருந்தது. இன்றைய வடிவமைப்பாளரும் முப்பத்தாறையும் தனித்தனியாக வரைந்துதான் ஆக வேண்டும். சோம்பேறி யார் என்பது 'கூ'விலும் 'மூ'விலும் தெரிந்துவிடும். கீழ்விலங்கை ஒரே துண்டாக வெட்டி எல்லாவற்றுக்கும் ஒட்டியிருப்பார்கள்.

அடுத்து நம் பலூ தம்பி. மும்பை ஏக் டைப் குழுவின் பலூ குடும்பம் இந்திய எழுத்து முறைகள் பலவற்றில் வந்தது. பெரும்பாலான மொழிகளில் ஒரு சகோதரன் பெயர்: மலையாளத்தில் பலூ சேட்டன், வங்கத்தில் பலூ தா, குர்முகியில் பலூ பாஜி, தெலுங்கில் பலூ தம்முடு, தமிழில் பலூ தம்பி. பலூ என்றால் கரடி. குண்டாக, மிருதுவாக, கட்டிப்பிடிக்கத் தோன்றுகிற எழுத்து. குண்டு எழுத்துகளில் சாதாரணமாக நடக்கும் விபத்து, சுழிகள் எல்லாம் கண்ணாடியில் விழுந்த மழைத்துளிகள் போல் ஒன்றோடொன்று கலந்துவிடுவது. இதில் வெளிக்கோடு கனத்தோடு போகிறது. சுழிக்குள் நுழையும் இடத்தில் மட்டும் கோடு வயிற்றை எக்கிக்கொள்கிறது. எக்கியது கண்ணுக்குத் தெரியாது. தெரிந்தால் அது பழுது. நல்ல தவில்காரர் உச்ச வேகத்திலும் சொற்களுக்கு இடையில் ஒரு மயிரிழை மௌனம் விடுவார். நாம் அந்த மௌனத்தைக் கேட்பதில்லை, சொற்கள் தெளிவாக விழுவதைத்தான் கேட்கிறோம். அந்த மாதிரிக் காரியம் இது.

அதே குழு 2022இல் வெளியிட்ட 'அனேக் தமிழ்' வேறு விதமான சாதனை. கனத்தை மட்டுமல்ல, அகலத்தையும் விரும்பியபடி இழுக்கலாம், சுருக்கலாம். இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்பவர்கள் சென்னைப் பெயர்ப்பலகைகளைப் பார்க்க வேண்டும். ட்ரிப்ளிக்கேன் என்ற ஆங்கிலப் பெயர் பலகையில் அடக்கமாக உட்கார்ந்துகொள்ளும். அதற்கு மேலேயோ கீழேயோ 'திருவல்லிக்கேணி' என்று எழுத வேண்டியவர் பாடு திண்டாட்டம். லகரம், ககரம், ணகரம் எல்லாமே அகலக்காரர்கள். வழக்கமான தீர்வு, கணினியில் மொத்தமாக இரண்டு பக்கமும் பிடித்து நசுக்குவது. நசுக்கினால் நிற்கும் கோடுகள் மெலியும், கிடக்கும் கோடுகள் அப்படியே இருக்கும். எழுத்து பட்டினி கிடந்தவன் மாதிரி ஆகிவிடும். அனேக்கில் ஒவ்வொரு அகலத்துக்கும் உடம்பு சீராக மாறுகிறது. வளைவு குறுகும்போது கோடு அதற்கேற்றபடி தன்னைச் சரிசெய்துகொள்கிறது. வினைச்சொல்லுக்குப் பின்னால் ரயில்பெட்டி மாதிரி விகுதிகளைக் கோக்கிற மொழி நம்முடையது. 'எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்' என்ற சொல்லைக் கைபேசித் திரையின் ஒரு வரிக்குள் அடக்க வேண்டிய காலத்தில் இது ஆடம்பரம் அல்ல.

'அரிமா மதுரை'யைப் பற்றிச் சொல்லும்போது கொஞ்சம் சரித்திரம் வந்துவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள். அரிமா என்றால் சிங்கம். நம் பழஞ்சொல்லைப் பெயராகச் சூட்டிக்கொண்ட இந்த எழுத்துருவை வரைந்தவர்கள் நத்தானியேல் காமா, ஜோவானா கொரையா என்ற போர்ச்சுகீசியர்கள். (காமா என்ற பெயரைப் பார்த்ததும் 1498 ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல.) தமிழ் முதன்முதலில் அச்சுக் கண்டதும் போர்ச்சுகீசியர்களால்தான். 1554இல் லிஸ்பனில் தமிழை ரோமன் எழுத்தில் அச்சிட்டார்கள். பிறகு கோவாவிலும் கொல்லத்திலும் தமிழ் எழுத்தையே வார்த்து, 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' வந்தது. பதினாறே பக்கம். அதன் பிரதி இன்று ஹார்வர்டில் இருக்கிறது. படத்தில் பார்த்தால் அந்த எழுத்துகள் கொஞ்சம் தயங்கித் தயங்கி நிற்பது போலிருக்கும், ஊருக்குப் புதிதாய் வந்தவர்கள் மாதிரி. அதிலிருந்து நானூற்றுச் சொச்சம் ஆண்டு கழித்து அதே நாட்டுக்காரர்கள் வரைந்த அரிமாவில் தயக்கமே இல்லை. சில இடங்களில் துள்ளல்கூட அதிகம். முனைகள் மொட்டு மாதிரி திரண்டு மென்மையாக முடிகின்றன. வாழ்த்து அட்டைக்கும் புத்தகத் தலைப்புக்கும் அருமை. முழுப் பக்கம் அடித்துப் படிக்காதீர்கள், பாயசத்தைச் சோற்றுக்குப் பதில் சாப்பிட்டது போலாகிவிடும்.

நீண்ட வாசிப்புக்கு நான் சிபாரிசு செய்வது 'டீரோ தமிழ்'. கனடாவின் டீரோ நிறுவனத்துக்காக ஃபியோனா ராஸ், பெர்னாண்டோ மெல்லோ இருவரும் செய்தது. ஹார்வர்டின் மூர்த்தி செவ்வியல் நூலக வரிசைக்காகத் தொடங்கிய பணியின் கிளை. பழைய ஈய எழுத்தின் தடிப்பு மெலிவை நன்றாகப் படித்துவிட்டு வரைந்திருக்கிறார்கள். நூறு பக்கம் படித்தாலும் எழுத்து கண்ணில் பட்டுக்கொண்டே இருக்காது. புத்தக எழுத்துக்கு இதற்கு மேல் பாராட்டு இல்லை.

இலங்கைக்காரரான தாரிக் அஸீஸின் 'கவிவாணர்' வலப்பக்கம் சாய்ந்த கையெழுத்துப் பாணி. கடிதத்தில் பழகிய ஒருவரின் கை தெரியும். கேரளத்து சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் குழு மலையாள 'மீரா'வை ஒட்டிச் செய்த 'மீரா இனிமை' எளிமையானது, வம்புக்குப் போகாதது. மும்பை, கேரளம், இலங்கை, மலேசியா, கனடா, போர்ச்சுகல் என்று ஊர்ப்பெயர்களை எண்ணிக்கொண்டே வந்தவர்களுக்கு ஒரு கேள்வி எழும். எனக்கும் எழுகிறது. இத்தனை அச்சகங்கள் இருந்த, வருடம் தவறாமல் புத்தகக் கண்காட்சி நடக்கிற தமிழ்நாட்டில் எழுத்து வரைவதைத் தொழிலாகக் கற்க வழி எங்கே? ஓவியக் கல்லூரியில் படித்த பிள்ளைகள் விளம்பர நிறுவனத்தில் லோகோ செய்யப் போகிறார்கள். போகட்டும். போகிற இடத்திலாவது ழகரத்துக்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்கலாம்.

ஏனென்றால் இப்போதைய நாகரிகம் ஒன்று எனக்குப் பிடிக்கவில்லை. ஆங்கில எழுத்துருவின் துண்டுகளை வெட்டித் தமிழாக ஒட்டுவது. ஆங்கிலத்தின் யூ போல ஒரு பகரம், எல் போல ஒரு டகரம், ஜியைத் திருப்பிப் போட்டு ஏதோ ஒன்று. காபிக் கடைப் பலகைகளிலும் சினிமாத் தலைப்புகளிலும் நிறையக் காணலாம். பார்த்தவுடன் புதுசாக இருக்கும். இரண்டாம் முறை பார்த்தால் வாடகைச் சட்டை என்பது தெரியும். பகரமும் டகரமும் நேர்கோட்டுப் பிறவிகள் என்பதால் தப்பிக்கின்றன. ஞகரத்திடம் வந்ததும் கத்திரிக்கோல் நின்றுவிடுகிறது.

சொந்தச் சட்டை எப்படி இருக்கும் என்று பார்க்க ஆதிமூலத்தின் எழுத்துகளைத் தேடிப் பார்க்க வேண்டும். ஓவியர் கே. எம். ஆதிமூலம் சிற்றிதழ்களுக்கும் நூல் அட்டைகளுக்கும் தூரிகையால் எழுதிய தலைப்பெழுத்துகள். எழுத்து என்ற ஒழுங்கை ஓரங்கட்டாமலே, தூரிகை காய்ந்து போகிற இடத்தைக்கூட அழகாக்கியவர் அவர். அதற்கும் முந்தியது வேண்டுமென்றால் தஞ்சாவூருக்குப் போங்கள். பெரிய கோயிலின் அடிப்பகுதி முழுக்க ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகள். கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு எல்லோரும் திரும்பிவிடுகிறார்கள். இடுப்பு உயரத்தில் ஆயிரம் வருடத்து எழுத்து காத்துக்கிடக்கிறது. மாலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் போனால் ஒவ்வொரு கீறலிலும் நிழல் தங்கும். கல்லில் அந்த வளைவை வெட்டியவருக்கு ஒரு தவறுகூடத் திருத்த வழியில்லை.

இன்னொரு சின்ன சந்தோஷம். 2019இல் வந்த யூனிகோடு 12இல் தமிழுக்கு ஒரு துணைப் பகுதி சேர்ந்தது. 51 குறிகள். மாகாணி, அரைக்கால் என்று தாத்தாக்கள் சொல்லிக்கொண்டிருந்த பின்னங்களும், பழைய கணக்கேடுகளில் இருந்த அளவைக் குறிகளும் இனி கணினியில் அடிக்கலாம். முந்திரி என்றால் 320இல் ஒரு பங்கு. அதற்கும் ஒரு எழுத்து இருக்கிறது. கூகுளின் நோட்டோ தொகுப்பில் இவற்றுக்கென்றே தனி எழுத்துரு உண்டு. அன்றாடத்துக்கு இதனால் ஒரு பயனும் இல்லை. முந்திரிப் பங்குக்கு நிலம் பிரிக்கிற சண்டை இப்போது எங்கும் நடப்பதாகவும் தெரியவில்லை. ஆனாலும் ஒரு மத்தியானம் முழுக்க அவற்றைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் மேலே சொன்ன காட்டமரான், பலூ, அனேக், அரிமா, டீரோ எல்லாமே திறந்த உரிமத்தில் இலவசம். இறக்கிக்கொள்ளலாம், விற்பனைக்கான வேலையிலும் பயன்படுத்தலாம். இறக்கியவுடன் உங்கள் ஊர்ப் பெயரை அடித்துப் பாருங்கள். அருப்புக்கோட்டைக்காரர்களுக்கு நல்ல விருந்து: ரு, பு, கோ, டை என்று ஒவ்வொரு வகையும் அதில் இருக்கிறது.

போன வருடம் தங்கை மகளுக்குக் காதணி விழா. பத்திரிகையை நானே வடிவமைக்கிறேன் என்று வாங்கிக்கொண்டேன். குழந்தை விசேஷம்தானே என்று தலைப்பைப் பலூ தம்பியின் ஆகத் தடித்த உருவத்தில் வைத்தேன். அடித்து வந்ததும் முதல் பிரதியை எடுத்துக்கொண்டு அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். எண்பதைத் தாண்டிவிட்டார். அச்சகம் மூடி வெகுகாலம் ஆகிறது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தாளை மூக்குக்கு நெருக்கமாகக் கொண்டுபோனார். முகூர்த்த நேரம், மண்டபம், தாய்மாமன் பெயர் எதையும் படிக்கவில்லை. 'காதணி'யின் ணகரத்தின் மேல் கட்டைவிரல் நகத்தை வைத்து நிறுத்தினார்.

"மூணாவது சுழி அடைக்கவே இல்லையே தம்பி. எந்த ஃபவுண்டரி எழுத்து இது?"

"பம்பாய் அண்ணாச்சி. கம்ப்யூட்டர் எழுத்து. பேரு பலூ தம்பி."

"தம்பியா?" என்றார். தாளை இன்னொரு முறை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "நம்ம பக்கத்து ஆளா இருப்பான்."